பணியாளர் எண் இல்லாதவர்கள்

ஜனவரி 6

தங்கச்சிக்கு,

‘வாலு’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நாற்பத்தாறு வயதுப் பெண்ணை, அதுவும் பதினொரு வருடம் என்னோடு பேசாத பெண்ணை, அப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். நீ உள்ளூர இன்னும் வாலுதான் என்று எனக்குத் தெரியும்.

உன் முகவரியை நம் குவார்ட்டர்ஸ் நர்ஸம்மாவிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே. மூன்று நாள் அவள் வாசற்படியில் உட்கார்ந்து, ‘தராமல் எழுந்திருக்க மாட்டேன்’ என்று அடம்பிடித்து வாங்கியது. நீ அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறாயாமே. பாப்பா கல்லூரியில் இரண்டாம் வருடமாமே. இதையெல்லாம் அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சரி, அதற்கு நான் கோபப்பட முடியாது.

போனில் கூப்பிட்டிருக்கலாம். நீ எடுக்கமாட்டாய் என்பது ஒன்று. எடுத்தாலும், இப்போதெல்லாம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. நான் பேசி மூச்சு வாங்குகிறது என்றால் நம்புவாயா? ‘இவ வாய்க்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது’ என்று அம்மா சொல்வாளே, அந்த வாய்க்கு இப்போது வாரம் முழுக்க லீவு. எழுதும்போது மூச்சு குறுக்கே வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் பாப்பாவும் உடனே மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடம், ‘ஷீட் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம், தூசிபட்ட துணியை வீட்டில் துவைத்தோம்’ என்று மறக்காமல் சொல்ல வேண்டும். கல்நார்த் தூசி என்று சொல். ஆஸ்பெஸ்டாஸ் என்றும் சொல். அவருக்கு எது புரிகிறதோ அது.

பாப்பாவை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஷிப்ட் முடிந்து அவள் அப்பா தலை முதல் கால்வரை வெள்ளையாக வருவாரே, இவள் ‘மாவு அப்பா, மாவு அப்பா’ என்று ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாளே. அவள் சட்டையில் ஒட்டியதை நான் சிரித்துக்கொண்டே கையால் தட்டிவிடுவேன். தூசி வெயிலில் மினுங்கும். அழகாகக்கூட இருக்கும்.

எனக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிடு.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. சுத்தமாக இருக்கிறது. இந்த மாதிரி விஷயம் வெளியில் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும், அதனால் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பார்ப்போம்.

எனக்கும் எடுத்தேன். ஒன்றுமில்லை.

தகவல் சொன்னதற்கு நன்றி. பாப்பாவுக்காக எழுதினாய் என்பதால் பதில் எழுதுகிறேன். இதற்கு மேல் நாம் எழுதிக்கொள்ள எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீர் எந்தப் பக்கம்? எடுத்தார்களா? என்ன நிறத்தில் இருந்தது? ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று நீ சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அம்மா போனதற்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னாய்.

தங்கை


பிப்ரவரி 2

வாலு,

(கேள்வி கேட்டுவிட்டாய் அல்லவா, இனி இப்படித்தான் கூப்பிடுவேன்.)

வலது பக்கம். ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். நீ கேட்டதால் சொல்கிறேன், வெளிறிய சிவப்பாக இருந்தது. அதன் பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்துவிட்டது. நுரையீரலில் இல்லையாம், அதைப் போர்த்தியிருக்கும் உறையில் வந்த புற்றாம். பெயர் வாயில் நுழையவில்லை. உன் மாமா ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்.

அன்று டாக்டர் அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சின்ன வயது டாக்டர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஷீட் கம்பெனியில வேலை பார்த்தீங்களாம்மா?”

“நான் இல்லை டாக்டர். இவர்தான். முப்பத்திரண்டு வருஷம்.”

“இவர் யூனிஃபார்மை யார் துவைப்பாங்க?”

“நான்தான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உன் மாமா நாற்காலி நுனிக்கு வந்து, “அப்ப எனக்குத்தானே வந்திருக்கணும்?” என்று கேட்டார். ஏதோ வரிசையில் முறை தவறிப்போன மாதிரி கேட்டார். உன் மாமாவுக்கு எடுத்த படத்தில் கொஞ்சம் தழும்பு, அவ்வளவுதான். வெளியே வந்ததும் என் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் இடித்துக்கொண்டு போனார்கள். “நகருங்க, வழியில நிக்கிறீங்க” என்று நான்தான் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிவந்தேன்.

ராத்திரி பகல் எனக்கு ஒரே நினைப்பு. நீ கல்யாணமாகிப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், உன் வீட்டுக்காரர் சட்டையை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கினாய். நான் ஓடிவந்து தடுத்தேன். ‘முதல்ல உதறணும்டி. நனைஞ்சா பசை மாதிரி ஒட்டிக்கும். நல்லா ஓங்கி உதறு’ என்று சொல்லிக் கொடுத்தேன். குழாயடியில் நாம் எல்லாரும் வரிசையாக நின்று உதறுவோம். ஒருவர் உதறியது இன்னொருவர் முகத்தில் விழும். என்ன சிரிப்பு சிரித்தோம்!

கல்நார் வந்த அந்த மூட்டைச் சாக்குகளையும் விட்டோமா? துவைத்து மிதியடி, வாசல் திரை, அடுப்படித் துணி. நம் வீடுகளில் சாக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சொல்கிற சாக்கையும் சேர்த்துத்தான்.

எக்ஸ்ரேயில் உனக்கு ஒன்றுமில்லை என்று படித்ததும் அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பிறகு ஐம்பது நோட்டுப் புத்தகங்களைத் தலைகீழாகத் தைத்து வைத்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு இப்படி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் வருத்தப்படும்போதே கோபமும் வருகிறது. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் கோபத்தையும் எழுதிவிடுகிறேன்.

பாப்பா அப்பாவின் கடைசி வருடத்தை நீ பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தாய். படுத்தால் மூச்சு முட்டும் என்று மேசைமேல் தலையணையை வைத்து, அதில் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். கட்டிலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன், இளைப்பாற. நாற்பது வயது மனிதருக்கு.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு சிகரெட் பிடித்தார். கல்யாணத்தன்று சிநேகிதர்கள் கொடுத்தது. இருமி, கண்ணில் நீர் வந்து, ‘இதைப் போய் காசு குடுத்து வாங்குறாங்களே’ என்றார். நீயும் அங்கேதான் இருந்தாய், சிரித்தாய்.

அவர் போய் இருபது நாளில் கம்பெனி ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தது. ‘மேற்படி நபர் தினமும் இரண்டு பாக்கெட் புகைப்பவர் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். அவருடைய நோய்க்கு அதுவே காரணம்.’ கீழே மூட்டைப் பிரிவு மேற்பார்வையாளர் கையெழுத்து. உன் வீட்டுக்காரர். (மாமா என்று எழுத வரவில்லை.)

அவரை அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டதே உன் வீட்டுக்காரர்தான். அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது. ஆனால் செத்தவர்மேல் பொய் எழுதிக் கையெழுத்துப் போட எப்படி மனசு வந்தது? பாப்பா ஒன்பது வயதில் அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ‘அப்பா ஒளிஞ்சு ஒளிஞ்சு சிகரெட் குடிச்சாராம்மா?’ என்று கேட்டாள்.

அதற்கு அவர் பதில் சொல்லட்டும். நீ சொல்லாதே. நீ செய்யாததற்கு நீ ஏன் சொல்ல வேண்டும்?

மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை


மார்ச் 3

வாலு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

‘நீ செய்யாததற்கு’ என்று எழுதியிருக்கிறாய். செய்தது நான்தான்.

மேனேஜர் அந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்து வைத்தார். உன் மாமா முதல் நாள் மறுத்துவிட்டார். ‘அவன் சிகரெட் வாசனை பட்டாலே எழுந்து போறவன் சார்னு சொல்லிட்டேன்’ என்று வீட்டில் வந்து சொன்னார். இரண்டாம் நாளும் மறுத்தார். மூன்றாம் நாள், மாத முடிவுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. இந்த வயதில் எங்கே போவது, யார் வேலை கொடுப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் புலம்பினேன். விடிந்ததும் அந்தக் காகிதத்தை அவர் முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்து, “போட்டுத் தொலைங்க. போனவரு திரும்பியா வரப்போறாரு?” என்றேன்.

இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். மாற்றாமல் எழுதுகிறேன். நான் தூக்கி வளர்த்த தங்கச்சியின் புருஷன், என்னை ‘அண்ணி’ என்று கூப்பிட்டால் வயசாகிவிடும் என்று கேலி செய்து ‘அக்கா’ என்றே கூப்பிட்ட பிள்ளை, அவர் போய் இருபது நாள்கூட ஆகவில்லை.

வீடு இருந்தால் உனக்கும் பாப்பாவுக்கும் சேர்த்து நிழல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை. மீதியெல்லாம் என் பயம்.

நீ அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று அவரைப் பார்த்துக் கத்தினாயே, அவர் வாயே திறக்கவில்லை. ‘என் பெண்டாட்டி சொன்னா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். நான் அடுப்படியில் நின்று, உன் குரல் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்தும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சண்டையில்கூட இல்லை. நீ போன பிறகு நீ குடியிருந்த வீட்டுப் பக்கம் நடக்கமாட்டார், சுற்றிக்கொண்டு போவார்.

மன்னிப்பு கேட்கும் கடிதம் இல்லை இது. கேட்கும் தகுதி இருப்பதாக நினைக்கவில்லை. அவரை நீ பதினொரு வருடம் தப்பாக வெறுத்துவிட்டாய், அதை மட்டும் திருத்தலாம் என்று எழுதினேன்.

அக்கா


ஏப்ரல் 11

வாலு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரர் மணி அடித்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்திருப்பது நல்லதுதானாம், படுத்தே கிடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார். எனவே உன்னால் என் உடம்புக்கு நல்லதே நடக்கிறது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

தொழிலாளர் துறையிலிருந்து மே மாதம் மருத்துவ முகாம் போடுகிறார்கள். கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் படம் எடுத்து, மூச்சு அளந்து, ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அந்தப் புத்தகம் இருந்தால் ஆயுசு முழுக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் வாங்கப் போனேன். முதல் கட்டமே ‘பணியாளர் எண்’.

“எனக்கு எண் கிடையாது சார்” என்றேன். “நான் துணி துவைச்சேன்.”

அதிகாரி நல்ல மனிதர்தான். “அது தெரியுதும்மா. ஆனா ஃபார்ம்ல எங்க எழுதறது?”

“ஓரத்துல எழுதுங்க.”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இப்படி எத்தனை பேர் இருப்பாங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளலாம் என்று வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன்.

நர்ஸம்மா எழுதினாள், நான் பேசினேன், எனக்கு மூச்சு வாங்கும்போது உன் மாமா பேசினார். குவார்ட்டர்ஸ் நாலு வரிசை, பிறகு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிமாறிப் போனவர்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி: யார் துணி, எத்தனை வருடம், உதறுவீர்களா? மூன்றாம் வரிசை வெல்டர் பெண்டாட்டி, “உதறாம இருப்பேனா? அந்தச் சட்டையை உதறலைன்னா அந்த மனுஷன் என்னை உதறியிருப்பாரு” என்றாள். அன்று நான் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா பயந்துபோய் என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெல்டர் பெண்டாட்டிக்கும் இருமல் இருக்கிறது. ஒன்பது வருடமாகச் சளி என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அறுபத்து மூன்று பேர். அதில் ஏழு பேர் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுத வேண்டியிருந்தது. ஒருத்திக்கும் ஏன் இறந்தோம் என்று தெரியாது.

பட்டியலைக் கொடுக்கப் போன அன்று உன் மாமா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எனக்குத் துணைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். அதிகாரி முன்னால் நின்று, “நானும் ஒண்ணு எழுதிக் குடுக்கணும் சார். பதினொரு வருஷத்துக்கு முன்னால ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டேன்” என்றார். உன் வீட்டுக்காரர் பெயர், வேலை பார்த்த வருடங்கள், மூட்டையைக் கத்தியால் கீறிக் கையால் கொட்டும் வேலை, முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணிகூடக் கொடுக்காதது, எல்லாம் சொன்னார். “அவன் புகை பிடிச்சு நான் பார்த்ததே இல்லை” என்று முடித்தார்.

“யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“மேனேஜர் கேட்டார். நான் போட்டேன்.”

அப்போதும் அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து நின்றேன். “நான்தான் போடச் சொன்னேன் சார். அதையும் எழுதுங்க” என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ஓரத்தில்.

உன் வீட்டுக்காரர் இறப்பு பற்றி மே 14 விசாரணை. உன்னைக் கூப்பிடுவதற்காக எழுதவில்லை. தேதி உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

அக்கா


மே 2

அக்கா,

உன் மார்ச் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். நாலாகக் கிழிக்கக் கை எழவில்லை. ஒரு மாதம் தலையணை உறைக்குள் கிடந்தது. ஏப்ரல் கடிதம் வந்த பிறகு, அச்சகத்திலேயே உட்கார்ந்து எங்கள் பசையாலேயே ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறது. பத்து வருடம் பைண்டிங் செய்த ஆள் மாதிரி இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். எந்த நாளில் மன்னித்தேன், எந்த நாளில் மன்னிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அவர் ஒன்பதாம் வருடமே அந்த வேலையை விடப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “இந்தத் தூசி எனக்கு ஒத்துக்கலை. வேற எங்கயாவது பார்க்கட்டுமா?” என்றார். “பாப்பாவை ஸ்கூல்ல சேர்த்துட்டுப் பார்த்துக்கலாம்” என்றேன். சேர்த்தோம். அடுத்த வருடம் அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. வீடு இருந்தது, குழாயடி இருந்தது, பக்கத்தில் நீ இருந்தாய். எனக்கு அங்கிருந்து கிளம்ப மனசில்லை.

உன் வீட்டு வாசலில் நின்று அன்று கத்தியதில் பாதி எனக்கு நானே கத்தியது. அதையெல்லாம் அந்த மனிதர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. ஜனவரியில் எனக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். அது பொய். நீ நாலு தடவை படித்தாய் என்று எழுதியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் உறை தடித்திருக்கிறது. புற்று இல்லை. இப்படியே ஆயுசுக்கும் நின்றுவிடலாமாம். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதே. உதறக் கற்றுக் கொடுத்தேனே என்று உட்கார்ந்து அழாதே. நீ கற்றுக் கொடுக்காவிட்டால் வெல்டர் பெண்டாட்டி கற்றுக் கொடுத்திருப்பாள். அங்கே யாருக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்கள் மேலே ஆபீஸில் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டியலில் என்னையும் சேர். பதினான்கு வருடம். உதறினேன்.

மாமாவின் வாக்குமூலத்தை நீ எழுதியிருந்தபடி பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘அவன் புகை பிடிச்சு நான் பார்த்ததே இல்லை’ என்ற வரியை அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறேன். என்னைக் கூப்பிட வர வேண்டாம். வழி மறந்துபோகவில்லை.

தங்கை


மே 24

என் வாலு,

நீ போய் ஒன்பது நாள்தான் ஆகிறது. இரண்டு நாள் இருந்த ஆளுக்கு வீடு இவ்வளவு காலியாகக் கிடக்கலாமா?

விசாரணை அறையில் நீ பேசியதை உன் மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கம்பெனி வக்கீல், “துணியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி யாராவது உத்தரவு போட்டாங்களா?” என்று கேட்டதற்கு, “இல்லை சார். துவைக்க அங்கே ஒரு குழாய் போடுங்கன்னும் யாரும் உத்தரவு போடலை” என்றாயே, அதை நடித்துக் காட்டுகிறார். உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

உத்தரவு நேற்று வந்தது. உன் வீட்டுக்காரர் இறப்புக்குக் காரணம் கல்நார்த் தூசி என்று பதிவேட்டில் திருத்திவிட்டார்கள். பழைய காகிதம் செல்லாது. நகலை உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள், பாப்பா கையில் கொடு. முகாமும் நல்லபடியாக முடிந்தது. உன்னையும் சேர்த்து ஐம்பத்தேழு பெண்களுக்கும் படம் எடுத்தார்கள், பதினேழு பேருக்கு மேலே பார்க்க வேண்டுமாம். எல்லாருக்கும் புத்தகம் கொடுத்தார்கள். பணியாளர் எண் என்ற இடத்தில் ‘துணி துவைத்தவர்’ என்று கையால் எழுதி முத்திரை போட்டிருக்கிறார்கள். உன் புத்தகத்தை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ வந்த அன்று வாசலில் மாமாவைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா மாமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். அவர் கொல்லைப்பக்கம் போய் அரைமணி நேரம் வரவில்லை. உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

இனி என் விஷயம். நீர் மறுபடி சேர்ந்துவிட்டது. டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள் என்று கேட்டேன், நேராகவே சொன்னார். இனிக் கொடுக்கும் மருந்தெல்லாம் வலிக்குத்தானாம். சில மாதங்கள் என்றார். எண்ணிக்கை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் மாமாவிடம் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். நர்ஸம்மாவிடம் வாயடிக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொல்லி அனுப்புகிறேன். அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடி. மூச்சு கிடைக்காமல் போவதை உன் வீட்டுக்காரரிடம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அப்படி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் வேலை, பாப்பா படிப்பு எல்லாம் எனக்குத் தெரியும். வா என்று எழுத மாட்டேன் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது நினைத்திருந்தேன்.

வா.

அக்கா


மே 30

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. பஸ் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். தைக்க வேண்டிய வேலையை வீட்டுக்கே அனுப்புகிறேன், எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வா என்றார். பாப்பாவைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டேன். பரீட்சை முடிந்ததும் அவளும் வருவாள். பெரியம்மாவின் தலைமாட்டில் தான்தான் படுப்பேன் என்று இப்போதே இடம் போட்டுவிட்டாள். அந்த நகல் வந்த அன்று அதை வாங்கிப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு வெளியே வந்து, “பசிக்குதும்மா” என்றாள். இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

பயத்தைப் பற்றி. நேற்று இங்கே பெரிய ஆஸ்பத்திரியில், கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். போன தடவை கையோடு எடுத்துவந்த உன் ரிப்போர்ட் நகலைக் காட்டினேன். பாப்பா அப்பாவுக்கு வந்த மாதிரி உனக்கு வர விடவேண்டியதில்லை, மூச்சு முட்டலுக்கு மருந்து இருக்கிறது, நீரை வீட்டிலேயே எடுக்க ஒரு குழாய் பொருத்தலாம் என்றார். உங்கள் ஊர் டாக்டருக்கு விவரமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். குழாயைக் கையாள நானும் கற்றுக்கொள்ளப் போகிறேன். அவர் காலத்தில் இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. வெறுமனே விசிறிக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பயம் வரும். வரட்டும். என்னிடம் சிரிக்க வேண்டாம், வாயடிக்க வேண்டாம். திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கமும் நான் இருப்பேன், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போடச் சொல் மாமாவை.

உன்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன். உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். நீ பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் இந்தத் தடவை நான்தான் ஜெயிப்பேன்.

நடத்துநர் கூப்பிடுகிறார். நீ கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாம். வந்து பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன்.

வாலு